கை கழுவும் குழாய் எங்கே இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரைப் புறநகரில் என் பேரன் பகல் நேரத்தில் தங்கும் தனியார் குழந்தைகள் காப்பகத்தில், மழை தொடங்கிய முதல் வாரத்திலேயே ஏழெட்டுக் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு வந்தது. மறுவாரம் பெற்றோர் அனைவருக்கும் நிர்வாகத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. நகம் வெட்டி அனுப்புங்கள், கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள், இரண்டு கைக்குட்டைகள் வையுங்கள், காய்ச்சல் இருந்தால் அனுப்பாதீர்கள் என்று பதினொரு அறிவுரைகள் அதில் இருந்தன. அவற்றுள் ஒன்றைக்கூடத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குழந்தைகளைக் காலை முதல் மாலை வரை தூக்கி, ஊட்டி, கழுவி, உறங்க வைக்கும் பணியாளர்களின் கைகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அன்று பேரனை அழைத்துவரச் சென்றபோது பின்கட்டு வரை போய்ப் பார்த்தேன். குழந்தைகளுக்குக் கால் கழுவிவிடும் இடம் அங்கே இருந்தது. சோப்பு வைத்த கை கழுவும் தொட்டியோ, வருகிற பெற்றோரின் கண்ணில் படும்படி முன்வாசலில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே சமையலறை. ஒரு குழந்தையைக் கழுவி முடித்த ஆயாம்மா, குவளையில் மிச்சமிருந்த தண்ணீரைத் தன் கையில் ஊற்றிக்கொண்டு, சேலையில் துடைத்தபடி சமையலறை வழியாக நடந்தவர், போகிற போக்கில் அடுப்பில் பொங்கிய பாலை இறக்கி வைத்துவிட்டு முன்வாசலுக்கு வந்தார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பொங்குகிற பாலை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போக யாருக்குத்தான் மனம் வரும்? குழாயை அங்கே வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

மேலூர், கொட்டாம்பட்டி வட்டாரங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதன்கிழமைத் தடுப்பூசி, எடை பார்த்தல், குடற்புழு நீக்க மாத்திரை என்று ஏதேனும் ஒரு காரணத்தால் அங்கன்வாடிப் படியேறாத வாரம் கிடையாது. அத்தனை ஆண்டுகளும் நானும் “சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சோப்பு எங்கே இருக்கிறது, தண்ணீரை யார் சுமந்து வருகிறார்கள் என்று கேட்ட நாட்கள் குறைவு. அந்தப் பிழையில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் இக்கடிதம் சற்று நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

“பச்சைப்பிள்ளை மலந்தானே, அதில் என்ன இருக்கிறது” என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. பெரியவர்கள் கழித்ததைக் கண்டால் விலகிப் போகிறவர்கள்கூட, குழந்தை கழித்ததை ஒரு துண்டுக் காகிதத்தால் அள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. ரோட்டா வைரஸால் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தையின் மலத்தில் அந்தக் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். அடுத்த குழந்தைக்குத் தொற்றுவதற்கோ, நகக்கண்ணில் ஒட்டிய, கண்ணுக்குத் தெரியாத அளவே போதும். கை, கால், வாய் நோயில் கொப்புளங்கள் ஆறி, குழந்தை ஓடியாடத் தொடங்கிய பிறகும் பல வாரங்களுக்கு மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டிருக்கும். மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ கிருமியின் போக்கு இன்னும் விசித்திரமானது: சிறு குழந்தைக்கு அது தொற்றினாலும் பெரும்பாலும் அறிகுறி எதுவும் தெரியாது, கழுவிவிட்ட ஆயாவுக்கோ தாய்க்கோதான் கண் மஞ்சளாகும். ஆகவே நோயுள்ள குழந்தையை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளச் சொல்வது நல்லதுதான் என்றாலும், அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. நலமாகத் தெரிகிற குழந்தையைக் கழுவிவிட்ட பிறகும் கையைக் கழுவியே ஆக வேண்டும். தமிழ்நாட்டில் 2017 முதல் 6, 10, 14 ஆவது வாரங்களில் கொடுக்கப்படும் ரோட்டா தடுப்பு மருந்து நோயின் கடுமையை வெகுவாகக் குறைக்கிறது. ஆனால் அது ஒரே ஒரு கிருமிக்கான மருந்து.

இதில் நம் பழக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இடக்கையால் கழுவுகிறோம், வலக்கையால் உண்கிறோம், எனவே ஒன்றின் அழுக்கு மற்றொன்றைச் சேராது என்பது நம்மவர் மனத்தில் ஊறிய நம்பிக்கை. இலைமுன் உட்கார்ந்திருக்கும்வரை அது ஓரளவு சரிதான். சமைக்கும்போது என்ன ஆகிறது? வெங்காயத்தை இடக்கை பிடிக்க, வலக்கை நறுக்குகிறது. குழந்தையின் தாடையை இடக்கை தாங்க, வலக்கை ஊட்டுகிறது. முட்டையை இடக்கை ஏந்த, வலக்கை உரிக்கிறது. கொதிநீரில் கிடந்து கிருமி நீங்கிய முட்டை, உரிக்கும்போது அதே கிருமியைத் திரும்பவும் வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அடுப்பு இல்லை. நேரே குழந்தையின் தட்டுதான். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான பயிற்சிகளில் காய்கறிகளைக் கழுவும் முறையைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறோம். முட்டை உரிப்பதற்கு முன் இரு கைகளையும் கழுவ வேண்டும் என்று நான் தனியாகச் சொன்னதாக நினைவே இல்லை.

முந்தானையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒழுகும் மூக்கைத் துடைப்பதும், ஊட்டிய வாயைத் துடைப்பதும், ஈரத்தட்டைத் துடைப்பதும், சுடுபாத்திரத்தைப் பிடித்து இறக்குவதும் ஒரே முந்தானையில் நடக்கும். அது பாசத்தின் அடையாளம் என்பதை நான் மறுக்கவில்லை. நானும் அப்படித் துடைத்தவள்தான். ஆனால் இருபது குழந்தைகளின் மூக்கையும் வாயையும் ஒரே துணி தொடும்போது சளியும் காய்ச்சலும் வரிசை தப்பாமல் எல்லோரையும் பார்த்துவிட்டுப் போகும். சேலைக்கு மேல் கட்டிக்கொள்ள ஓர் ஏப்ரன், அதுவும் சமையலுக்கு ஒன்று, கழுவும் வேலைக்கு வேறு நிறத்தில் ஒன்று என்று கொடுத்துவிட்டால் முந்தானை தானாகவே இடுப்பில் செருகப்பட்டுவிடும். கண்ணாடி வளையலும் கல் வைத்த மோதிரமும் வேலை நேரத்தில் வேண்டாம் என்று சொல்வதில் சங்கடம் இருக்கிறது. தாலியைப் போலவே வளையலையும் கழற்ற விரும்பாத பெண்கள் உண்டு. அவர்களிடம் முழங்கை நோக்கி ஏற்றிவிட்டுக் கொண்டு மணிக்கட்டு வரை கழுவுங்கள் என்று சொன்னால் கேட்கிறார்கள், கழற்றுங்கள் என்றால் கேட்பதில்லை.

கொரோனாவுக்குப் பின் எல்லாக் காப்பகங்களின் வாசலிலும் சானிடைசர் பாட்டில் இருக்கிறது. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான உறை ஒன்று இருப்பதால் ஆல்கஹால் அதை எளிதில் சிதைத்துவிடுகிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸுக்கும் கை, கால், வாய் நோயின் வைரஸுக்கும் அந்த உறை கிடையாது. சானிடைசர் அவற்றிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. கையில் அழுக்கோ பிசுக்கோ இருந்தால் அது இன்னும் வலுவிழக்கும். சோப்பு வேலை செய்யும் முறை வேறு: தேய்ப்பதால் கிருமியைத் தோலிலிருந்து பெயர்த்து, ஓடும் நீரோடு அனுப்பிவிடுகிறது. அதனால்தான் 20 விநாடிகளாவது தேய்க்கச் சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறைப்படி நனைப்பதில் தொடங்கித் துடைப்பது வரை 40 முதல் 60 விநாடிகள் ஆகும். விலை உயர்ந்த திரவச் சோப்பு தேவையில்லை. துணி துவைக்கும் தூளைச் சிறிதளவு தண்ணீரில் கரைத்து, மூடியில் துளையிட்ட பாட்டிலில் வைத்தாலே போதும். கட்டிச் சோப்பு என்றால் ஒரு வலைப்பையில் போட்டுக் குழாயோடு கட்டிவிட வேண்டும். கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஒரு மையத்தில் வாரம் ஒரு சோப்பு காணாமல் போக, பாவம், ஊர்ப் பிள்ளைகள்மேல் பழி விழுந்தது. கடைசியில் பார்த்தால், தூக்கிப் போனது காக்கை.

நேரத்தைப் பற்றி இங்கே ஒரு சிறு கணக்குப் போட விரும்புகிறேன். 2013 ஆம் ஆண்டின் தேசிய முன்பருவக் குழந்தைப் பராமரிப்பு மற்றும் கல்விக் கொள்கை, மூன்று வயதுக்கு உட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒருவர் பார்த்துக்கொள்ள இருக்க வேண்டும் என்கிறது. அந்த நல்ல விகிதத்தையே எடுத்துக்கொள்வோம். பத்துக் குழந்தைகளையும் ஒரு நாளில் ஆளுக்கு இரண்டு முறை கழுவவோ டயப்பர் மாற்றவோ நேர்ந்தால், அதற்கு மட்டும் 20 முறை கை கழுவ வேண்டும். மூக்கைச் சிந்திவிட்ட பிறகு, சமையலுக்கு முன், ஊட்டுவதற்கு முன், குப்பையைத் தொட்ட பிறகு, தாம் கழிப்பறை சென்று வந்த பிறகு என்பவற்றையும் சேர்த்தால் 30ஐத் தாண்டும். முறைக்கு ஒரு நிமிடம் என்றாலும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. குழாய் முன்வாசலில் இருந்தால், போய்வரும் நடையையும் அழுகிற குழந்தையைக் கீழே விட்டுவிட்டுப் போகும் தவிப்பையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த அரை மணி நேரத்தை வேலையாகக் கணக்கிட்ட நிர்வாகி எவரையும் நான் சந்தித்ததில்லை. பணியாளர் அதை எங்கிருந்தோ திருடித்தான் செய்தாக வேண்டியிருக்கிறது. முடியாத நாளில் கை கழுவுவதே விடுபட்டுப் போகிறது.

அங்கன்வாடியில் நிலைமை இன்னும் இறுக்கமானது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. ஒரு மையத்துக்கு ஒரு டீச்சர், ஓர் ஆயாம்மா என்பதே அமைப்பு. குறு மையங்களில் ஒருவரே. காலையில் வீடு வீடாகச் சென்று குழந்தைகளை அழைத்து வருவதும், பெருக்குவதும், தண்ணீர் பிடிப்பதும், கலவை சாதம் சமைப்பதும், கால் கழுவிவிடுவதும் அந்த ஓர் ஆயாம்மாதான். சமைப்பவரும் குழந்தைகளைக் கழுவுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்பது குழந்தைகள் பராமரிப்பில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பாலபாடம். நம் மையங்களில் அது ஆள் கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது. ஆள் கூடும்வரை, அடுப்பில் ஏற்றியது முதல் பரிமாறி முடியும் வரையாவது கழுவும் வேலையை டீச்சர் ஏற்றுக்கொள்வது என்று ஓர் ஒப்பந்தம் இருக்கலாம். திருமங்கலம் பக்கத்தில் வேலை பார்த்த என் தோழி ஒருவர் தம் பகுதியில் இதைச் செய்ய வைத்தார். முதலில் சில டீச்சர்களுக்கு முகம் சுளித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கழுவும் வேலை யாருடையது என்பதில் நம் சமூகத்துக்கு இருக்கும் ஏற்றத்தாழ்வுப் புத்தி அங்கன்வாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிடுவதில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். மதுரையில் குழாயில் தினமும் தண்ணீர் வரும் என்று எண்ணி எந்தத் திட்டமும் போட முடியாது. முல்லைப் பெரியாற்றுக் கூட்டுக் குடிநீர் எல்லா வார்டுகளுக்கும் முழுமையாகக் கிடைக்கும் நாள் வரலாம். அதுவரை டிரம்மும் குடமும்தான். சேமித்த நீரில் இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, மொள்ளும் கை. தம்ளரைக் குடத்துக்குள் விட்டு மொள்ளும்போது விரல்கள் நனைகின்றன. பெரியவர்கள் அண்ணாந்து குடிப்பதால் தம்ளரில் எச்சில் படுவதில்லை. இரண்டு வயதுக் குழந்தைக்கு அண்ணாந்து குடிக்கத் தெரியாது, எனவே குழந்தைக்கொரு தம்ளர் வேண்டும். குடிநீர்ப் பாத்திரத்தின் அடிப்பகுதியில் குழாய் பொருத்தியிருந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். மற்றொன்று கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நன்னீரின் ஓரத்தில், பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப நிரப்பினால் போதாது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாரம் ஒரு முறை உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

தரையைத் துடைப்பதில், வாசனை வந்தால் சுத்தம் என்று எண்ணிக்கொள்கிறோம். பினாயில் மணக்கும் அறைக்குள் நுழைந்ததும் பெற்றோருக்கு ஒரு நிம்மதி ஏற்படுவதை நான் கவனித்திருக்கிறேன். வயிற்றுப்போக்கு வைரஸ்களிடம் அந்த மணத்தின் ஜம்பம் பலிக்காது. குழந்தை வாந்தி எடுத்த, மலம் கழித்த இடத்தை முதலில் அள்ளி, சோப்புத் தண்ணீரால் கழுவி, அதன் பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் கலந்தால் ஏறத்தாழ 0.1 சதவீதக் குளோரின் கரைசல் கிடைக்கும். அழுக்கின் மேலேயே தூவினால் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். ஆண்டுக்கணக்கில் திறந்து கிடந்த, கட்டி தட்டிய பவுடரில் வீரியம் இருக்காது. கரைத்ததையும் அன்றன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, கழிப்பறை கழுவும் ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது குளோரின் வாயு. சன்னல் இல்லாத சிறு கழிப்பறைக்குள் அதைச் சுவாசித்து நெஞ்சு அடைத்து வெளியே ஓடிவந்த பணியாளர்களை எனக்குத் தெரியும். “நல்லா வெளுக்கும்னு ரெண்டையும் ஊத்துனேம்மா” என்பார்கள்.

டயப்பரைப் பற்றிச் சுருக்கமாக: தரையில் வைத்தோ மடியில் போட்டோ மாற்றாமல், துடைக்கத்தக்க விரிப்பு ஒன்றின் மேல், ஒரே இடத்தில் மாற்ற வேண்டும், கையுறை போட்டிருந்தாலும் கழற்றியதும் கை கழுவ வேண்டும், சுற்றிக் கட்டித் தனியாகத் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். காய்கறிக் குப்பையோடு கலந்து போட்டால் அதைப் பிரிப்பதும் இன்னொரு பெண்ணின் கைதான்.

நோய்வாய்ப்பட்ட பணியாளரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வயிற்றுப்போக்கு உள்ளவர் அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை சமையலறைக்குள் வரக்கூடாது. சீழ் பிடித்த புண் கையில் இருந்தால் உணவைத் தொடக்கூடாது. எழுதி வைப்பது எளிது. தனியார் காப்பகங்களில் ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும். அங்கன்வாடியில் ஆயாம்மா வராவிட்டால் குழந்தைகளுக்கு அன்று சோறு கிடைக்குமா என்பதே கேள்வி. அதனால் ஓமத்தண்ணீரைக் குடித்துவிட்டு வேலைக்கு வந்து, யாரிடமும் சொல்லாமல் சமைக்கிறார்கள். சம்பளம் பிடிக்காத விடுப்பும், அழைத்தால் வரக்கூடிய மாற்று ஆளும் இல்லாத இடத்தில் இந்த விதி பொய் சொல்லத்தான் கற்றுக்கொடுக்கும். 2011 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள், உணவைக் கையாள்வோருக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையும் டைபாய்டு வகைக் காய்ச்சலுக்கான தடுப்பூசியும் வேண்டும் என்கின்றன. காப்பகத்தில் சமைப்பவருக்கும் இதைச் செய்து, அதற்கான செலவை நிர்வாகமே ஏற்க வேண்டும். பல இடங்களில் பணியாளருக்கென்று கழிப்பறையே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குழந்தை உயரத்துக்கு அமைந்த கழிப்பறையை ஐம்பது வயதுப் பெண் எப்படிப் பயன்படுத்துவார்? மாலை வரை அடக்கிக்கொண்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்.

பணியிடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைகளில் அதைக் கட்டாயமாக்கியபோதே, அந்த அறை வெளிச்சமும் காற்றோட்டமும் கொண்டு, தூய்மையாகப் பராமரிக்கப்பட வேண்டும் என்றது. மகப்பேறு பலன் சட்டத்தின் 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எல்லா நிறுவனங்களுக்கும் அதை விரிவுபடுத்தியது. ஆனால் மதுரையில் வேலைக்குப் போகும் தாய்மார்களில் பெரும்பாலோர், மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் பூக்கட்டப் போகிறவர்களும் ஜவுளிக்கடையில் நிற்கிறவர்களும், அவ்வளவு பெரிய நிறுவனம் எதன் கணக்கிலும் வராதவர்கள். அவர்களுக்கு இருப்பது அங்கன்வாடியும், தெருவுக்கொன்றாக வாடகை வீட்டில் நடக்கும் காப்பகமுமே. குடியிருக்கக் கட்டிய வீட்டில் இருபது குழந்தைகளை வைக்கும்போது, குழாயும் கழிப்பறையும் ஒரு குடும்பத்துக்கான இடத்தில்தான் இருக்கும்.

எனவே அனுமதி வழங்கும், ஆய்வுக்கு வரும் அலுவலர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பதிவேட்டைப் பார்ப்பதற்கு முன், குழந்தையைக் கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, சமையலறைக்குள் நுழையாமல் எத்தனை அடியில் சோப்பும் தண்ணீரும் எட்டுகின்றன என்று நடந்து பாருங்கள். பெற்றோரும் அப்படியே. சேர்க்கப் போகும்போது ஏசி இருக்கிறதா, சிசிடிவி இருக்கிறதா என்று கேட்கிறோம். சிசிடிவியில் குழந்தை உறங்குவது தெரியும். பின்கட்டில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. “ஆயாம்மா கை கழுவுறது எங்கே?” என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

என் பேரன் போகும் காப்பகத்தின் உரிமையாளரிடம் நானும் அதைக் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார். அடுத்த ஆண்டு வேறு கட்டடத்துக்கு மாறுவதாகவும் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பின்கட்டுச் சுவரில் கழிப்பறைக்குப் போகும் தண்ணீர்க் குழாய் ஏற்கெனவே ஓடுகிறது. அதிலிருந்து ஒரு கிளை எடுத்து, ஒரு திருகு குழாயும் சோப்புத் தட்டும் பொருத்துவது ஒரு பிளம்பருக்கு அரை நாள் வேலை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மதுரை.